கடற்கரைச் சைக்கிளுக்கு நல்ல பாகம் வாங்குவது எப்படி: எந்த நாட்டில் செய்தது என்று பார்க்க வேண்டுமா?

போன வருடம் கச்சான் காற்று வீசத் தொடங்கிய நேரம், என் சைக்கிளின் பின் டீரெய்லர் (கியர் மாற்றும்போது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்குத் தள்ளும் பாகம்) இறுகிப்போனது. கியர் மாற்றினால் கம்பி இழுக்கும், டீரெய்லர் அசையாது. உப்பு உள்ளே போய் ஸ்பிரிங்கைப் பிடித்துவிட்டது. புதிது வாங்கலாம் என்று உட்கார்ந்தவன், நாலு வீடியோ பார்த்துவிட்டு ‘ஜப்பானில் செய்ததுதான் வேண்டும்’ என்று ஒரு பிடிவாதத்துக்கு வந்தேன். வெளிநாட்டுக் கடை ஒன்றில் ஆர்டர் போட்டேன். பார்சல் தங்கச்சிமடம் வந்து சேர ஐந்து வாரம். கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்த்து விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெட்டியைப் பிரித்துத் திருப்பினால், பின்பக்கம் பொடி எழுத்தில் ‘மேட் இன் மலேசியா’.

அதே மாடல் மதுரையில் ஒரு கடையில் இருந்திருக்கிறது. பில்லோடு, மூன்று நாளில் வீட்டுக்கு வந்திருக்கும். அதுவும் மலேசியாவில் செய்ததுதான்.

அந்த ஐந்து வாரத்தில் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடல் காற்று படும் ஊரில் இருந்துகொண்டு முதல் தடவையாகக் கொஞ்சம் விலை கூடிய பாகம் வாங்கப்போகிறவர்களுக்கு இது.

1. முதலில் உங்கள் சைக்கிளில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள்

நாட்டை அப்புறம் பார்ப்போம். கடைக்குப் பேசுவதற்கு முன் டீரெய்லர், ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்), கிராங்க் (பெடல் மாட்டும் கை), பிரேக் எல்லாவற்றின் மாடல் எண்ணையும் போனில் படம் எடுங்கள். எண் பெரும்பாலும் உள்பக்கம் இருக்கும். துணியால் துடைத்து, டார்ச் அடித்தால்தான் தெரியும். பின்சக்கரத்தில் பல்சக்கரம் எத்தனை என்று எண்ணுங்கள். பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் அச்சுப் பகுதி) சதுர அச்சா, வெளியே கப் தெரியும் வகையா என்று பாருங்கள்.

‘10 ஸ்பீடுதானே, எதுவும் பொருந்தும்’ என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஜப்பான் கம்பெனியான ஷிமானோவின் டியாக்ரா 4700 கியர் செட் பத்து ஸ்பீடுதான். ஆனால் அது கம்பியை இழுக்கும் அளவு முந்தைய 4600-உடன் ஒத்துவராது. ஒன்றின் ஷிஃப்டரையும் மற்றதன் டீரெய்லரையும் சேர்த்தால் கியர் ஒழுங்காக விழவே விழாது. இப்படி வாங்கியவர்கள் கடைசியில் பாகத்தைத்தான் திட்டுவார்கள்.

2. எது எங்கே தயாராகிறது என்று ஒரு தடவை தெரிந்துகொள்ளுங்கள்

கம்பெனி இருக்கும் நாடு வேறு, ஃபாக்டரி இருக்கும் நாடு வேறு. ஷிமானோவின் தலைமையிடம் ஒசாகா பக்கம் சக்காய். அங்கேயும் ஷிமோனோசெக்கியிலும் ஃபாக்டரி உண்டு. அதுபோக சிங்கப்பூர், மலேசியாவின் ஜோகூரில் பொந்தியான், இந்தோனேசியாவின் பாத்தாம், சீனாவில் குன்ஷான், தியான்ஜின், ஐரோப்பாவில் செக் குடியரசு என்று பல இடங்களில் செய்கிறார்கள். மேல்தட்டு கியர் செட்டான டூரா-ஏஸ் பெரும்பாலும் ஜப்பான். கீழே வர வர மலேசியா, சீனா என்று மாறும்.

ஸ்ராம் சிகாகோ கம்பெனி. அதன் பெரிய ஃபாக்டரி தைவானில் தைச்சுங்; செயின் போர்ச்சுகலின் கொயிம்பிராவில் தயாராகிறது. இத்தாலியப் பெருமை பேசும் கம்பக்னோலோவுக்கு விசென்சாவோடு ருமேனியாவிலும் ஃபாக்டரி இருக்கிறது. கே.எம்.சி. செயினும் மைக்ரோஷிஃப்டும் தைவான் கம்பெனிகள். டி.டி. சுவிஸ் என்று பெயரிலேயே சுவிஸ் இருந்தாலும் போலந்திலும் தைவானிலும் செய்கிறார்கள். டயரில் கான்டினென்டலின் மேல்ரகம் ஜெர்மனியின் கோர்பாக். ஷ்வால்பே என்ற ஜெர்மன் பெயர் போட்ட டயர் இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் தயாராகிறது. இத்தாலிய விட்டோரியா தாய்லாந்தில்.

தைவான் என்றால் மட்டமோ என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். உலகின் விலையுயர்ந்த சைக்கிள்களில் பெரும் பங்கு தைச்சுங், சாங்குவா பகுதியிலிருந்துதான் போகிறது. ஜயன்ட், மெரிடா இரண்டும் அந்தப் பக்கத்துக் கம்பெனிகள். ஃபோர்ஜிங் செய்பவர், கடைசல் பிடிப்பவர், அனோடைஸ் பூசுபவர் எல்லாரும் ஒரே வட்டாரத்தில் இருப்பதால், ஒரு பாகத்தில் பிழை வந்தால் அன்றைக்கே போய்ச் சரிசெய்துவிட முடிகிறது.

லேபிளைப் படிக்கும்போது சில வார்த்தைகளில் ஏமாறாதீர்கள். ‘டிசைன்டு இன்’, ‘எஞ்சினியர்டு இன்’ என்றால் செய்த இடம் வேறு. ‘அசெம்பிள்டு இன்’ என்றால் கோத்த இடம் மட்டும். ‘பி.ஆர்.சி.’ என்று போட்டிருந்தால் சீனா. பலர் அதை ஏதோ தரச்சான்று என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் நினைத்தேன்.

3. சரி, நாடு முக்கியமா?

என் பதில்: பாகத்தின் தரத்துக்கு அவ்வளவாக முக்கியமில்லை. வரி, வாரண்டி, போலி இந்த மூன்றுக்கும் ஓரளவு முக்கியம்.

வரைபடம், உலோகம், பரிசோதனை எல்லாம் கம்பெனி முடிவு செய்வது. ஷிமானோவின் 105 என்ற கியர் செட் மலேசியாவில் செய்யப்பட்டாலும் சிங்கப்பூரில் செய்யப்பட்டாலும் அளவு ஒன்றுதான். என் பெரியப்பா மகன் ஜோகூரில் வேறொரு ஃபாக்டரியில் பத்து வருடம் இருந்தவர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, “நம்ம ஊர் ஆளுங்க பாதிப் பேர் அங்கதான்டா மெஷின்ல நிக்கிறாங்க. அவங்க செஞ்சதை நீயே நம்பலைன்னா எப்படி?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

‘ஜப்பான்’ என்ற எழுத்தைப் பார்த்ததும் கண்ணை மூடி வாங்கக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2023 செப்டம்பரில் ஷிமானோ, இரண்டு பாதியை ஒட்டிச் செய்த, உள்ளே குழியான தன் 11 ஸ்பீடு ஹாலோடெக் கிராங்குகளைப் பரிசோதித்து மாற்றித்தரும் திட்டத்தை அறிவித்தது. அல்டெக்ரா, டூரா-ஏஸ் இரண்டு மேல்ரகமும்: 6800, ஆர்8000, 9000, ஆர்9100, பவர் மீட்டர் (மிதிக்கும் வலுவை அளக்கும் கருவி) உள்ள ஆர்9100-பி. எல்லாம் 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை ஜப்பானில் செய்தவை. ஒட்டு விட்டுப்போய் இரண்டு பாதியும் பிரிந்துவிடலாம் என்பதுதான் பிரச்சினை. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000 கிராங்குகள் இதில் அடங்கின.

பழைய கிராங்க் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கிராங்க் கையின் உள்பக்கம் இரண்டு ஆங்கில எழுத்து பொறித்திருப்பார்கள். முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். கே என்றால் 2012, எல் 2013, அப்படியே போய் ஆர் 2019. மாதத்துக்கு ஏ ஜனவரி, எல் டிசம்பர். ‘கே.எஃப்.’ முதல் ‘ஆர்.எஃப்.’ வரை வந்தால் அது திட்டத்துக்குள் வருகிற காலம். சென்னையில் ஒருவர் 6800 கிராங்கை ‘அசல் ஜப்பான் பீஸ் சார்’ என்று நல்ல விலைக்குச் சொன்னார். உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ‘எம்.கே.’ என்று இருந்தது, 2014 நவம்பர். கடையில் பரிசோதித்த சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். அதற்கப்புறம் அவரிடமிருந்து பதிலே இல்லை.

உங்களிடமே அப்படி ஒன்று இருந்தால், ஷிமானோ விற்பனையாளரிடம் காட்டிவிட்டு ஓட்டுங்கள். அரிச்சல்முனை ரோட்டில் எதிர்க்காற்றில் எழுந்து நின்று மிதிக்கும்போது கிராங்க் பிரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

4. நாட்டைவிட உலோகத்தைப் பாருங்கள்

நம் கடற்கரைக்கு இதுதான் பெரிய அத்தியாயம். இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஒரு அரிமான ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட காற்றில் நாம் சைக்கிளைத் திண்ணையில் நிறுத்துகிறோம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு, முழுக்க வெல்டிங் மூட்டு என்று போட்டிருக்கிறார்கள். சைக்கிளுக்கும் அதே மாதிரிதான் யோசிக்க வேண்டும்.

பாம்பனில் போட் எஞ்சின் பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் என் மலேசியா டீரெய்லரைக் காட்டினேன். லேபிளைப் பார்க்கவே இல்லை. போல்ட்டைச் சுரண்டிப் பார்த்தார், பிவட்டை (அசையும் மூட்டை) ஆட்டிப் பார்த்தார், “கிரீஸ் உள்ள போற வழி இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

செயின்: உள்தகடு, வெளித்தகடு இரண்டும் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். கே.எம்.சி.யில் இ.பி.டி. என்று ஒரு துருத்தடுப்புப் பூச்சு வருகிறது. விலை கூடுதல், ஆனால் நம் ஊருக்கு அது வீண்செலவு இல்லை. பூச்சில்லாத கறுப்புச் செயின் ஒரே வாரத்தில் செம்மண் நிறமாகிவிடும்.

கம்பி: பிரேக், கியர் உள்கம்பி ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும்.

நிப்பிள் (ஸ்போக்ஸை ரிம்மோடு இறுக்கும் சிறு நட்): வீல் கட்டும்போது பித்தளை நிப்பிள் கேளுங்கள். அலுமினிய நிப்பிளும் ஸ்டெயின்லெஸ் ஸ்போக்ஸும் உப்பீரத்தில் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து, அலுமினியம் பொடியாக உதிரும். கார்பன் ரிம் என்றால் இன்னும் மோசம். எடை குறைகிறது என்று அலுமினிய நிப்பிள் போட்டு விற்பார்கள். சில கிராமுக்காக வீலை இழக்காதீர்கள்.

பேரிங்: எண் போட்ட சீல்டு பேரிங் உள்ள ஹப் நல்லது. 6902 என்று எண் இருந்தால், எந்தப் பேரிங் கடையிலும் எண்ணைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். தனக்கென்று தனி அளவு வைத்திருக்கும் விலையுயர்ந்த ஹப்புக்கு ஒரு சீல் போனாலும் வெளிநாட்டைப் பார்த்து உட்கார வேண்டும்.

போல்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. போட் சாமான் விற்கும் கடையில் 316 ஸ்டெயின்லெஸ் போல்ட் கிடைக்கும், எளிதில் துருப்பிடிக்காது. பாட்டில் கூடு, மட்கார்டு, கேரியர் இவற்றுக்குத் தாராளமாகப் போடுங்கள். ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்), சீட் போஸ்ட் கிளாம்ப், பிரேக் இவற்றில் இருக்கும் கறுப்பு போல்ட்டை அதால் மாற்றாதீர்கள். கறுப்பு போல்ட்டில் 12.9 என்று போட்டிருந்தால் அது உயர்வலு எஃகு. கடைகளில் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அந்த வலு கிடையாது. கறுப்பு போல்ட்டைக் கிரீஸ் தடவிப் போடுங்கள், துருப்பிடித்தால் அதே தரத்தில் மாற்றுங்கள்.

5. வாங்கும் வழிகள்: செலவு, காகிதம், நாள்

அ) உள்நாட்டுக் கடை. மதுரை, சென்னை, கோவையில் பேசி வாங்குவது. மூன்று முதல் ஏழு நாள். ஜி.எஸ்.டி. பில் கட்டாயம் வாங்குங்கள். சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பழைய விகிதத்தில் பில் போட்டால் கேளுங்கள். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த நாடு, அதிகபட்ச விலை, நுகர்வோர் தொடர்பு எண் உள்ள ஸ்டிக்கர் இருக்க வேண்டும். இது சட்டப்படி கட்டாயம். ஆன்லைனில் விற்றால் பொருளின் பக்கத்திலேயே நாட்டைக் காட்ட வேண்டும். ஸ்டிக்கர் இல்லையென்றால் அது யாரோ பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்த சரக்கு, வாரண்டியை மறந்துவிடுங்கள். கடைக்காரர் மறுத்துப் பேசினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஷிமானோவுக்குப் பொதுவாக 2 வருட வாரண்டி, டூரா-ஏஸ், மலைச் சைக்கிளுக்கான மேல்ரகம் எக்ஸ்.டி.ஆர். இரண்டுக்கும் 3 வருடம். முதலில் வாங்கியவருக்கு மட்டும், பில்லோடு. துருவும் தேய்மானமும் வாரண்டியில் வராது. நம் ஊரில் பழுதாவதில் பெரும்பாதி அந்த இரண்டும்தான் என்பதால், வாரண்டிக்காக மட்டும் அதிக விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆ) வெளிநாட்டுக் கடையிலிருந்து நேரடியாக. இங்கே கிடைக்கவே கிடைக்காத பாகத்துக்கு மட்டும் இந்த வழி. எனக்கு ஆன ஐந்து வாரத்தில் ஒன்பது நாள் முழுக்க ஒரு இனிஷியலால் போனது. ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. ஆர்டரில் நான் ஓரெழுத்து இனிஷியல் போட்டேன். கூரியர்காரர்கள் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) பொருந்தவில்லை என்று பார்சலை நிறுத்திவிட்டார்கள். அந்த நாட்களுக்குக் கிடங்கு வாடகை வேறு. ஆகவே ஆதாரில் உள்ளபடியே பெயரையும் முகவரியையும் எழுத்துப் பிசகாமல் கொடுங்கள்.

வரிக் கணக்கில் பலரும் தவறுவது இங்கே: பொருளின் விலைக்கு மட்டும் வரி என்று நினைப்பார்கள். பொருள் 6,000 ரூபாய், அனுப்பும் செலவு 2,000 என்றால் 8,000-க்கு வரி. காப்பீடு இருந்தால் அதையும் சேர்ப்பார்கள். அதன்மேல் அடிப்படைச் சுங்கம். அந்தச் சுங்கத்தில் 10 சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி. இவை எல்லாவற்றையும் கூட்டி அதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.). கடைசியில் கூரியர் தன் கிளியரன்ஸ் கட்டணத்தைப் போடும். அடிப்படைச் சுங்க விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால், ஆர்டர் போடும் அன்றைக்குச் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பார்த்துவிடுங்கள். சைக்கிள் பாகத்தின் சுங்க வகைப்பாட்டு எண் 8714; சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சலைப் பெரும்பாலும் 9804-இல் போடுவார்கள், அதன் விகிதம் வேறு.

‘கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்கிறேன்’ என்று நண்பர் யோசனை சொல்வார். அன்பளிப்புப் பார்சலுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. குறைத்து எழுதிய பில் பிடிபட்டால் அபராதமும் சேரும். இன்னொன்று, வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். நான் அதை மறந்து, தள்ளுபடி முடியும் இரவில் மூன்று தடவை பணம் கட்டப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்: கடை பில், கூரியரின் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் கொடுத்த இறக்குமதிச் சீட்டு), வரி கட்டிய ரசீது. பின்னால் விற்கும்போது கேட்பார்கள்.

இ) ஊருக்கு வருகிறவர்கள் மூலம். கீழக்கரையிலும் தொண்டியிலும் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். சிறு பாகத்துக்கு இதுவே எளிய வழி. பில்லைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். பயணிக்கான இலவச அளவுக்குள் அடங்குகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள், மற்ற சாமானோடு சேர்த்துத்தான் கணக்கு. மின்சார கியரின் லித்தியம் பேட்டரியைத் தனியாகக் கொண்டுவந்தால் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. அடுத்தவர் தலையில் பெரிய கிராங்க் செட்டைக் கட்டாதீர்கள், உறவு கெட்டுப்போகும்.

6. பெட்டி வந்ததும்

பிரிப்பதை வீடியோ எடுங்கள். போலி அதிகம் வருவது செயினிலும் கேசட்டிலும்தான் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி). செயினில் எழுத்து சீராகப் பொறித்திருக்கிறதா, பெட்டியில் உள்ள மாடல் எண்ணும் பொருளின் எண்ணும் ஒன்றா, பின் தலைகள் ஒரே மட்டமா என்று பாருங்கள். பெட்டியில் ஒரு நாடு, பொருளில் வேறு நாடு என்றால் மாட்டாமல் கடைக்கு எழுதுங்கள். மாட்டிவிட்டால் யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

மாட்டும்போது சீட் போஸ்ட், பெடல் மரை, பாட்டம் பிராக்கெட் மரை எல்லாவற்றிலும் கிரீஸ். கார்பன் போஸ்ட்டுக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று உள்ள பசை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போஸ்ட்டை உருவித் துடைத்துப் போடுங்கள். ஒரு வருடம் விட்டால் ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

7. கழுவும் தண்ணீர்

தனுஷ்கோடி போய்வந்ததும் போர்வெல் தண்ணீரில் ஜோராகக் கழுவுவேன். காய்ந்ததும் கறுப்பு ஃபிரேம்மேல் வெள்ளைப் படலம். கடல் உப்பு முழுக்கப் போகவில்லை என்று மறுபடி அதே தண்ணீரை ஊற்றுவேன். ஒருநாள் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு! கடலில் இருந்து வந்த உப்பைக் கழுவி, நிலத்தடி உப்பைப் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது குழாயில் வரும் காவேரித் தண்ணீர் இரண்டு மக். அது வராத நாளில் கேன் தண்ணீர். செயின், டீரெய்லர், பிரேக், போல்ட் தலைகள் மேல் மெதுவாக ஊற்றித் துணியால் ஒற்றினால் போதும். பைக் சர்வீஸ் கடையில் ஜெட் அடிக்கக் கொடுக்காதீர்கள், பேரிங் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும். செயின் காய்ந்த பிறகு எண்ணெய் விட்டு, மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை மணல் முழுக்க அதில் ஒட்டும். அப்புறம் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். உள்ளே ஈரம் நின்று, காலையில் போல்ட் எல்லாம் வியர்த்திருக்கும்.